சோறு பிடிக்காமல் போனது என்றைக்கு?

எந்த ஊருக்குப் போனாலும் நோயாளிப் பட்டியலில் ஒரு பத்தியைத்தான் நான் முதலில் படிப்பேன். ‘நோய் தொடங்கிய நாள்’ என்று தலைப்பிட்ட பத்தி. அதில் 5, 10, 15, 20 என்று தேதிகள் வரிசைகட்டி நின்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கேட்டவர் அவசரமாகக் கேட்டிருக்கிறார், சொன்னவர் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். பட்டியலை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் வீடு வீடாக நடக்க வேண்டியதுதான்.

பொதுச் சுகாதாரத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவராக இருந்தேன். பெரும்பகுதி கொள்ளைநோய்த் தடுப்பு வேலை. கிருமி உடம்புக்குள் நுழைந்த நாளுக்கும் முதல் அறிகுறி தெரிந்த நாளுக்கும் நடுவே எத்தனை நாள் என்று கணக்கிடுவது அந்த வேலையின் உயிர்நாடி. அலுவலகத்தில் எல்லோரும் ‘இன்குபேஷன்’ என்றுதான் சொல்லுவோம். அடைகாப்புக் காலம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ‘நோயரும்பு காலம்’ என்ற சொல்தான் பிடிக்கும். கோழி முட்டைக்கு 21 நாள் என்றால் அடையில் இருக்கும் முட்டைகள் எல்லாமே ஏறக்குறைய அதே நாளில் பொரித்துவிடும். ஒரே கொடியில் ஒரே நாளில் விட்ட அரும்புகள் அப்படி இல்லை. ஒன்று நாளைக்கே விரியும். இன்னொன்று நாலு நாள் இழுத்தடிக்கும். தொற்றுநோய் இந்த அரும்பு வகை. ஒரே பானைத் தண்ணீரைக் குடித்த அண்ணன் இருபதாம் நாளில் படுப்பான், தம்பி முப்பத்தைந்தாம் நாளில் படுப்பான்.

இதை நான் சரியாக உணர்ந்தது புத்தகத்தில் அல்ல, 2004-இல் நெல்லைப் பக்கம் ஒரு கிராமத்தில். அறுபது சொச்சம் பேருக்கு மஞ்சள் காமாலை. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் இருபது வயதுக்குட்பட்டவர்களும். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் ஏ என்று வந்துவிட்டது. மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாகப் பரவும் வைரஸ் அது. அரும்பு காலம் 15 முதல் 50 நாள், சராசரி 28. இது தெரிந்திருந்தால் மேலே செய்யவேண்டிய கணக்கு எளிது. எந்த நாளில் அதிகம் பேர் படுத்தார்கள் என்று பார்த்து, அங்கிருந்து 28 நாள் பின்னால் நடந்தால் கிருமி கலந்த நாளுக்குப் பக்கத்தில் போய்ச் சேரலாம்.

மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைச் சோதித்தோம். சுத்தமாக இருந்தது, குளோரினும் போதுமான அளவு இருந்தது. இந்த நோயில் இது வழக்கம். ஊர் படுக்கிற நேரத்தில் தண்ணீர் தெளிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். தடயம் அழிந்தபிறகு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி நாள்கணக்குதான்.

நான் பட்டியலில் இருந்த தேதிகளை வைத்துக் கட்டம் கட்டி வரைந்தேன். உச்சியில் இருந்து 28 நாள் பின்னால் போனால் ஊரில் நடந்த ஒரு கல்யாணத்தில் கச்சிதமாகப் போய் நின்றது. மொய் நோட்டை வாங்கிப் பார்த்தோம். கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சிறந்த ஆவணம் கிடையாது. நோயாளிகளின் வீட்டுப் பெயர்களில் பாதிக்கு மேல் அதில் இருந்தன. விருந்துதான் காரணம் என்று மேலிடத்துக்கு முதற்கட்ட அறிக்கை எழுதினேன். அது எப்படியோ ஊருக்குள் கசிந்தது. சமையல்காரருக்குப் பேசி வைத்திருந்த இரண்டு முகூர்த்தங்கள் கையைவிட்டுப் போயின. மறுவீட்டுக்கு வந்த மணப்பெண்ணின் காதுபட, “சாப்பாடு போட்டு ஊரையே படுக்க வச்சாச்சு” என்று யாரோ சொன்னார்களாம்.

என்னோடு வந்த சுகாதார ஆய்வாளர் ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்தவர். அவர்தான் கேட்டார்: “மேடம், இந்தத் தேதியெல்லாம் காய்ச்சல் வந்த நாளா, ஆஸ்பத்திரிக்கு வந்த நாளா?”

பட்டியலைத் தயாரித்தவர்கள் புறநோயாளிப் பதிவேட்டிலிருந்து தேதியை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். நானும் அதை அப்படியே நம்பிவிட்டேன். மஞ்சள் காமாலையில் கண் மஞ்சளாவதற்குச் சில நாள் முன்பே நோய் தொடங்கிவிடும். முதலில் காய்ச்சல், அசதி, குமட்டல். பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அதற்குப் பிறகுதான் கண். கண்ணைப் பார்த்த பிறகும் கீழாநெல்லி அரைத்து மூன்று நாள் குடித்துவிட்டுத்தான் நம் ஆட்கள் ஆஸ்பத்திரிப் படி ஏறுவார்கள்.

மறுபடி எல்லா வீட்டுக்கும் போனோம். ‘நோய் எப்போ வந்தது’ என்று கேட்பதை நிறுத்தினோம். “சோறு பிடிக்காமப் போனது என்னைக்கு?” என்று கேட்டோம். “அடுப்பில தாளிக்கிற வாசம் எப்போ குமட்டுச்சு?” என்று பெண்களிடம் கேட்டோம். பீடி குடிக்கிறவர்களிடம் பீடி கசந்த நாளைக் கேட்டோம். இந்த நோயின் முதல் அடையாளங்களில் அதுவும் ஒன்று. பீடிக்காரர்கள் அந்த நாளை மறப்பதில்லை. தேதிகள் ஒவ்வொன்றும் ஆறு, ஏழு, எட்டு நாள் பின்னால் நகர்ந்தன. கல்யாணத்துக்கு 18-ஆம் நாளில் படுத்ததாக நான் எழுதியிருந்த இருவருக்கு, உண்மையில் 11-ஆம் நாளே சோறு இறங்கவில்லை. ஹெபடைட்டிஸ் ஏ 15 நாளுக்குள் தலைகாட்டுவது அபூர்வம். அப்படியானால் கல்யாண விருந்தில் கை வைப்பதற்கு முன்பே அவர்கள் உடம்பில் கிருமி இருந்திருக்கிறது. விருந்தின் மேல் இருந்த பழி அந்த இரண்டு பேராலேயே கழிந்தது.

புதிய உச்சியிலிருந்து 28 நாள் பின்னால் போனால், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் போய் நின்றது. அந்த வாரம் என்ன நடந்தது என்று எல்லாரிடமும் கேட்டோம். “ஒண்ணும் நடக்கலியே” என்றார்கள். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி மட்டும், “கொடை முடிஞ்ச வெள்ளிக்கிழம தெருவத் தோண்டுனாவல்லா டாக்டரம்மா, அன்னைக்கு ராத்திரி கொழாயில செம்மண்ணாதான் வந்துச்சு” என்றார். கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டியபோது குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது. பக்கத்திலேயே சாக்கடை. மறுநாள் ரப்பர் சுற்றிக் கட்டி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அம்மன் கோயில் கொடைவிழா செவ்வாய்க்கிழமை நடந்தது என்பது ஊருக்கே தெரியும். அதனால் ஆச்சி சொன்ன வெள்ளிக்கிழமையில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். கல்யாணத்துக்குச் சரியாக எட்டு நாள் முன்னால்.

அறிக்கையைத் திருத்தினேன். கல்யாண வீட்டுக்கும் சமையல்காரர் வீட்டுக்கும் நேரில் போய், தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சமையல்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். இன்றைக்கும் அந்த மோரை நினைத்தால் தொண்டையில் நிற்கிறது. ஒரு வாரப் பிழை ஒரு குடும்பத்தின் பெயரைக் கெடுத்துவிடும் என்பதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் பானுமை ஒழுங்காகப் படித்தேன். பீட்டர் லுட்விக் பானும், டென்மார்க்கின் மருத்துவர். 1846-இல் வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது அரசு அவரை அங்கே அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 26 கூட முடியவில்லை. தீவுகளில் மொத்தம் எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். ஆறாயிரம் பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். வைரஸ் என்ற ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியாத காலம் அது. கையில் இருந்தது நோட்டுப் புத்தகமும் படகும்தான். ஊர் ஊராகப் போய் நாள்களைக் கேட்டார். ஜூன் 4-ஆம் தேதி ஒரு சிற்றூரிலிருந்து பத்து ஆண்கள் ஒரே படகில் வேற்றூருக்குத் திமிங்கில வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். ஜூன் 18 அன்று பத்துப் பேருக்கும் உடம்பில் தடிப்பு. தொற்றியதிலிருந்து தடிப்பு வரை பதினான்கு நாள் என்று இப்படிப்பட்ட கதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவர் நிறுவியது இன்றைக்கும் நிற்கிறது.

அவர் கணக்கு ஏன் அத்தனை துல்லியமாக வந்தது? தீவுச் சிற்றூர்களில் வேற்றூர்ப் பயணம் அரிதான சம்பவம். ஊருக்கு ஒரு படகு வந்தாலோ போனாலோ அந்த நாள் எல்லார் மனதிலும் பதிந்திருக்கும். தொற்றுக்கு வாய்ப்பு ஒரே ஒரு நாள், அந்த நாளும் மறக்கமுடியாத நாள். நம் ஊரில் ஒருவர் காலையில் டவுன் பஸ், மதியம் ரேஷன் கடை, சாயங்காலம் கோயில் என்று ஒரே நாளில் நூறு பேரை உரசிவிட்டு வருகிறார். அவருக்கு எங்கே தொற்றியது என்று சொல்ல முடியாது. ஆகவே அரும்பு காலத்தைக் கணக்கிட எல்லா நோயாளியும் உதவ மாட்டார்கள். ஒரே ஒரு முறை மட்டும் கிருமியைச் சந்தித்தவர் என்று சொல்லத்தக்கவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆயிரம் பேர் பட்டியலில் பத்துப் பேர் தேறினால் அதிகம். அந்தப் பத்துப் பேரை நான் பொன்போல வைத்துப் பார்ப்பேன்.

தேதியை வரவழைப்பது தனிக் கலை. நம் மக்கள் ஆங்கிலத் தேதியில் வாழ்வதில்லை. ‘அமாவாசைக்கு முந்தின நாள்’, ‘சந்தைக்குப் போய்ட்டு வந்த ராத்திரி’, ‘பேத்திக்குக் காது குத்தி மூணாம் நாள்’ என்று சொல்வார்கள். இவை எல்லாம் தேதியைவிட நம்பகமானவை. தினசரிக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, கிழமையும் திதியும் பார்த்து அவற்றைத் தேதியாக மாற்றிக்கொள்வேன். வீட்டில் மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதியிருப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் பால் கூடவோ குறையவோ வாங்கியிருக்கும். பள்ளி வருகைப் பதிவேடு, பிற்பாடு நூறு நாள் வேலை வருகைப் பதிவு, செல்போனில் கேஸ் சிலிண்டர் வந்த செய்தி எல்லாம் எனக்கு ஆவணம். அப்படியும் சரியான நாள் கிடைக்காவிட்டால், ‘இந்த நாளுக்கு முன் இல்லை, அந்த நாளுக்குப் பின் இல்லை’ என்று இரண்டு வேலிகளையாவது போட்டுவிடுவேன். ‘ஒரு வாரம் இருக்கும்’ என்பதை ஏழு நாள் என்று எழுதுவதுதான் பாவம். ஐந்திலிருந்து பத்துவரை எதுவும் ஒரு வாரம்தான் நம் பேச்சில்.

சின்னம்மை இருக்கிறதே, அது புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் கற்றுத்தர ஏற்ற நோய். விடுதியில் ஒரு மாணவிக்குக் கொப்புளம் கண்டால், அடுத்த கூட்டம் இரண்டு வாரம் கழித்துத்தான் படுக்கும். 10 முதல் 21 நாள் அதன் அரும்பு காலம். நடுவில் உள்ள அந்த அமைதியைப் பார்த்து, வார்டன்கள் ‘அம்மன் இறங்கிவிட்டாள்’ என்று நிம்மதியடைவார்கள். வேப்பிலையை எடுத்த நான்காம் நாள் ஏழெட்டுப் பேர் ஒன்றாகப் படுப்பார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடுகிறது. ஆகவே மற்றவர்களுக்குத் தொற்றிய நாள் என்று முதல் மாணவிக்குக் கொப்புளம் கண்ட நாளை எழுதினால் கணக்கு தப்பும்.

நாள்கள் கிடைத்துவிட்டன என்று வையுங்கள். அவற்றைக் கூட்டிச் சராசரி போட்டால் போதுமா? போதாது. 1950-இல் ஃபிலிப் சார்ட்வெல் என்ற அமெரிக்கர் பல தொற்றுநோய்களின் அரும்பு காலங்களை எடுத்து வரைந்து பார்த்தார். பெரும்பாலான நோய்களில் ஒரே வடிவம் வந்தது. இடப்பக்கம் சட்டென்று ஏறி, வலப்பக்கம் நீளமாக வால் விட்டு இறங்கும் வடிவம். நாள்களை அப்படியே எடுக்காமல் அவற்றின் மடக்கையை எடுத்தால் அது சீரான மணி வடிவமாகிவிடுகிறது. அதாவது நோயாளிகளில் பாதிப் பேர் ஒரு நடுநாளுக்குள் படுத்துவிடுவார்கள். மீதிப் பாதி அதற்குப் பிறகு வெகுநாள்வரை சிதறிக் கிடப்பார்கள். பொதுமக்களுக்குச் செய்தியாகப் போவது எப்போதும் சராசரிதான். வேலை செய்பவருக்கு வேண்டியது வால். தனிமைப்படுத்தலை எத்தனை நாள் வைப்பது என்பதை வால்தான் முடிவு செய்கிறது.

வந்த நோய் எது என்பதையும் நாள்கணக்கு சொல்லும். டெல்லியில் 1955 நவம்பரில் யமுனையின் போக்கு மாறி, வாய்க்கால் கழிவுநீர் வசீராபாத் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் ஏறத்தாழ 29,300 பேருக்குக் காமாலை. கழிவு கலந்த நாள்களும் தெரியும், நோய் உச்சிக்குப் போன நாள்களும் தெரியும். இடைவெளி நாற்பது நாளை ஒட்டி வந்தது. அப்போது அதை எல்லோரும் ஏ வகை என்றே நினைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் அது ஏ வகை அல்ல என்று தெரிந்தது. இப்போது அதை ஹெபடைட்டிஸ் இ என்கிறோம். 1983-இல் ரஷ்ய விஞ்ஞானி மிகயில் பலாயன் நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்து, 36-ஆம் நாள் நோயில் விழுந்து, அந்த வைரஸை உலகத்துக்குக் காட்டினார். 28-க்கும் 40-க்கும் உள்ள அந்தப் பன்னிரண்டு நாள் வித்தியாசம் ‘இது வேறு நோய்’ என்று 1956-லேயே சொல்லிக்கொண்டிருந்தது என்பது என் எண்ணம்.

2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது நீலகிரி, கோவை எல்லையில் நாங்கள் விழித்திருந்தோம். அங்கே பெரும்பாலோருக்குத் தொற்றியது மருத்துவமனையில் நோயாளியின் அருகில் இருந்தபோது. அதனால் தொடர்பு நாளைப் பிடிக்க முடிந்தது. அரும்பு காலத்தின் நடுநாள் ஒன்பதரை. குறைந்தது 6, அதிகபட்சம் 14. ஆனாலும் தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கண்காணித்தார்கள். அதிகபட்சமே 14-தானே, ஏன் 21 என்று இளம் மருத்துவர் ஒருவர் என்னிடம் கேட்டார். இருபது சொச்சம் பேரில் பார்த்த அதிகபட்சம் நோயின் அதிகபட்சம் ஆகாது. ஆள் எண்ணிக்கை கூடக்கூட வால் நீளும். இறப்பு விகிதம் மிக அதிகமாக உள்ள நோயில் அந்த வாலுக்கு இடம் விட்டுத்தான் ஆகவேண்டும்.

பிறகு 2020-இல் கொரோனா. சீனாவின் வூகானிலிருந்து கிளம்பிப் போன பயணிகளைக் கொண்டுதான் முதல் கணக்குகள் வந்தன. அங்கே தங்கிய நாள்களுக்குள்தான் தொற்றியிருக்க வேண்டும் என்பதால், தங்கல் தொடங்கிய நாளும் கிளம்பிய நாளும் வேலிகளாக அமைந்தன. 88 பயணிகளைக் கொண்ட ஒரு கணக்கு சராசரி 6.4 நாள் என்றது. மார்ச் மாதம் வந்த இன்னொன்று 181 பேரை எடுத்து, நடுநாள் 5.1 என்றது, அறிகுறி காணப்போகிறவர்களில் 97.5 விழுக்காட்டினர் 11.5 நாளுக்குள் கண்டுவிடுவார்கள் என்றது. அந்தக் கட்டுரையில் என் கண் நின்ற இடம் வேறு. 14 நாள் தாண்டியும் 10,000-க்கு 101 பேருக்கு அறிகுறி வரலாம் என்று எழுதியிருந்தார்கள்.

தொடக்கத்தில் வரும் எண்களை ஏன் நான் அரைமனதோடு ஏற்பேன் என்பதை முளைப்பாரி போட்டவர்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். விதை போட்ட மூன்றாம் நாள் பானையைப் பார்த்து, முளைத்ததை மட்டும் எண்ணி, ‘இந்தப் பயறு இரண்டரை நாளில் முளைக்கும்’ என்றால் சரியா? ஐந்தாம் நாள் முளைக்கப் போவது இன்னும் மண்ணுக்குள் இருக்கிறதே. நோய் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது கணக்கிட்டால் சீக்கிரம் படுத்தவர்கள்தான் பட்டியலில் இருப்பார்கள். நீண்ட அரும்பு காலக்காரர்கள் இன்னும் நலமாக நடமாடிக்கொண்டிருப்பார்கள். கணக்கு குறைவாகத்தான் வரும். அதற்குத் திருத்தம் செய்யும் கணித முறைகள் இருக்கின்றன. அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டவர்களும் இருந்தார்கள்.

அந்த மார்ச் மாதம் வீடுகளின் கதவில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று ஒட்டிக்கொண்டு போனோம். ஒரு கட்டிடத் தொழிலாளி என்னிடம் கேட்டார்: “பதினாலு நாள்னு யாரும்மா முடிவு பண்ணது? பத்துன்னா எம்புள்ளைக்கு நாலு நாள் சோறு கூட.” அவரிடம் நான் சுற்றி வளைக்கவில்லை. பத்து நாள் என்று வைத்தால் நூற்றுக்குச் சிலர் விட்டுப்போவார்கள், பதினான்கு என்றால் ஒருவர் விட்டுப்போவார், இருபத்தொன்று என்றால் அநேகமாக யாரும் தப்பமாட்டார்கள், ஆனால் உங்கள் வீட்டில் அடுப்பெரியாது என்றேன். அரும்பு காலம் நோயின் இயல்பு. தனிமை நாள் மனிதர்கள் எடுக்கும் முடிவு. கூலி இழந்து அந்த முடிவைச் சுமக்கிறவருக்கு அரிசியும் பணமும் வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று அன்றே மேலிடத்துக்கு எழுதினேன். இன்றும் அதையே சொல்கிறேன். இரண்டு வருடம் கழித்துக் கொரோனாவின் ஒமிக்ரான் வகை வந்தபோது அரும்பு காலம் ஏறக்குறைய மூன்று நாளாகச் சுருங்கியிருந்தது. பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் எத்தனை கூலி வீணாகியிருக்கும்.

ஓய்வுபெற்ற பிறகும் இளம் மருத்துவர்கள் பட்டியலோடு என் வீட்டுக்கு வருகிறார்கள். இப்போது கணினி நிமிடத்தில் வளைவு வரைந்து, நடுநாளும் வாலும் சொல்லிவிடுகிறது. நான் இன்னும் அந்த ஒரு பத்தியைத்தான் முதலில் படிக்கிறேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், பால் கணக்கு எழுதும் அந்தக் காலண்டரிலேயே அன்றைய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பெயரையும் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளை அல்ல, முதன்முதலில் உடம்பு சரியில்லை என்று தோன்றிய நாளை. கிராம சுகாதார செவிலியர் வாசலில் வந்து கேட்டால் அந்தக் காலண்டரை எடுத்துக் காட்டுங்கள்.